கட்டுத்தரை வரைக்கும் ஒரு கோடு

"…அதெல்லாம் அணைக்க மாட்டனுங்ண்ணா. உங்க ஆப்பை அமுக்கறேன், வேண்டாங்கல. ஆனா வண்டி ஓடிட்டேதான் நிக்கும்" என்றார் சரஸ்வதி.

அன்னூரிலிருந்து உள்ளே தள்ளி ஒரு தோட்டம். நல்ல மதிய வெயில். கட்டுத்தரையில் பசு கன்று ஈன முடியாமல் முக்கிக்கொண்டு நிற்கிறது. பனிக்குடம் உடைந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. வாசலில் பக்கத்துத் தோட்டத்து மணி தன்னுடைய குட்டியானை என்னும் சின்னச் சரக்கு வண்டியை ஸ்டார்ட் செய்து நிறுத்தியிருக்கிறார், அன்னூர் போய் எந்த மாட்டு டாக்டர் அகப்படுகிறாரோ அவரை ஏற்றிக்கொண்டு வருவதற்கு. அந்த வண்டிக்கு செல்ஃப் எடுக்காது. ஒருமுறை அணைத்தால் நாலு பேர் தள்ளித்தான் உயிர் கொடுக்க வேண்டும்.

நான் தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். போனில் ஒரு பொத்தானை அமுக்கினால் கால்நடை டாக்டர் வீடு தேடி வருவார் என்று சொல்லும் கம்பெனி எங்களுடையது. அந்தச் சொல்லை ஒருமுறை நம்பி ஒரு கன்றைப் பறிகொடுத்தவர் சரஸ்வதி.

"பத்து நிமிசம் பாப்பேன். அதுக்குள்ள டாக்டரு பேசலீன்னா மணியண்ணன் கிளம்பிருவாரு" என்றார்.

"சரிங்க அம்மணி. அதுதான் சரி" என்றேன்.

இது நடந்து இரண்டு வருடம் ஆகிறது. போன வாரம் என்னோடு ஆபீசில் வேலை பார்த்த திவ்யா கூப்பிட்டாள். நான் ஓய்வு பெற்று எட்டு மாதம் ஆகிறது. சர்வர்களைத் தானாகவே கவனிக்கும் புது மென்பொருள் ஒன்றை அங்கே பொருத்துகிறார்களாம். அது எதை முதலில் கவனிக்க வேண்டும் என்று பேச்சு வந்ததாம். "நம்ம பெரிய திரையில ஏண்ணா சர்வர் பேரே இல்ல, ஆளுங்க நடக்கற மாதிரி ஒரு கோடு மட்டும் இருக்குதுன்னு புதுசா வந்தவங்க கேக்கறாங்க. நீங்களே எழுதிக் குடுங்க, நான் சொன்னா சுருங்கிப் போயிரும்" என்றாள். அதற்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். அந்தப் பத்து நிமிடத்துக்குப் பின்னால் இரண்டு வருட வேலை இருக்கிறது. அதைச் சொல்லிவிட்டு மறுபடி தண்ணீர்த் தொட்டிக்கு வருகிறேன்.

நான் கம்ப்யூட்டர் படித்தவன் அல்ல. கோயமுத்தூர் கணபதியில் ஒரு பட்டறையில் ஆறு வருடம் மோட்டாருக்குக் கம்பி சுற்றிக் காயில் கட்டினேன். சாயங்காலம் பக்கத்துத் தெருவில் ஒரு கம்ப்யூட்டர் சென்டர். மின்விசிறி பழுது பார்க்கப் போனவன் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு புத்தகம் படித்து, வயர் இழுத்து, சர்வர் துடைத்து, கடைசியில் சர்வர்களைக் காவல் காக்கும் வேலைக்கு வந்து சேர்ந்தேன். முப்பது வருடம் இந்த ஒரே பத்தியில் அடங்கிவிட்டது.

ஒன்று மட்டும் பட்டறையிலிருந்து கூட வந்தது. மனிதர்கள் சொல்லும் பேச்சை ஒரு பாக்கெட் நோட்டில் எழுதி வைக்கிற பழக்கம். அதில் முதல் பக்கத்திலேயே ஒரு விவசாயி இருக்கிறார். ஒரே மோட்டாரை மூன்று தடவை தூக்கி வந்தார். மூன்று தடவையும் டெஸ்ட் லாம்ப் போட்டுப் பார்த்து, ஓட்டிக் காட்டி, நன்றாக இருக்கிறது என்று திருப்பி அனுப்பினோம். நாலாவது தடவை வெறுங்கையோடு வந்து வாசலில் நின்றார். "மோட்டாரு நல்லாத்தான் ஓடுதுங்க. தண்ணிதான் வர மாட்டேங்குது" என்றார். முதலாளி சிரித்தார், நானும் சிரித்தேன். கிணற்றின் அடியில், தண்ணீர் உறிஞ்சும் குழாயின் வாயில் இருக்கும் ஃபுட் வால்வு அடைத்திருந்தது என்று பிற்பாடு தெரிந்தது. நாங்கள் யாரும் கிணறு வரைக்கும் போகவே இல்லை. அவர் சொன்னதையும் நாங்கள் சிரித்ததையும் சேர்த்து எழுதி வைத்தேன். எழுதி வைத்தவனுக்குப் புரிய இருபத்தைந்து வருடம் ஆனது.

கம்பெனியில் என் அறையில் பதினான்கு திரைகள். தகவல் சேமிக்கும் சர்வருக்கு ஒன்று, குறுஞ்செய்தி அனுப்பும் சர்வருக்கு ஒன்று, டாக்டருக்கும் மாட்டுக்காரருக்கும் போன் இணைப்பதற்கு ஒன்று, வரைபடத்துக்கு ஒன்று, இப்படி. நன்றாக இருந்தால் பச்சை, இல்லையென்றால் சிவப்பு. ஒவ்வொரு திரைக்கும் ஒரு குழு பொறுப்பு. காலை ஒன்பதரைக்குக் கூடுவோம். ஒவ்வொருவராக, "நம்ம பக்கம் ஒண்ணுமில்லீங்க" என்பார்கள். நம் ஊர் மரியாதை இருக்கிறதே, அது இந்த இடத்தில்தான் காலை வாரியது. "உங்க பக்கம்தான் ஏதோ கோளாறு" என்று அடுத்தவரைப் பார்த்துச் சொல்ல யாருக்கும் வாய் வராது. எல்லோரும் தங்கள் பக்கம் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போவோம்.

எங்களுக்கு மேலே ரங்கநாயகி மேடம். மில் வைத்திருந்த குடும்பம். போனில் அம்மாவிடம் தெலுங்கு, எங்களிடம் பச்சைக் கோயமுத்தூர் பேச்சு. அவர் யாரையும் திட்டிப் பார்த்ததில்லை. கோபம் வந்தால் குரல் இன்னும் மெதுவாகும், வாக்கியத்தில் ஒரு 'ங்க' கூடும். "அப்படீங்களாங்க?" என்று வந்துவிட்டால் அந்த ஆள் அன்றைக்கு மத்தியானச் சோறு சரியாகச் சாப்பிட மாட்டார். இன்னொரு பழக்கமும் உண்டு. நாம் எதைச் சொல்லி முடித்தாலும் ஒரு நிமிடம் பொறுத்து, "அப்புறம்ங்க?" என்பார். முடிந்துவிட்டது என்று நினைத்த இடத்தில் இன்னும் ஏதோ மிச்சம் இருக்கிறதோ என்று நமக்கே சந்தேகம் வந்துவிடும்.

சரஸ்வதியின் முதல் புகார் எழுத்தில் வந்தது. பசு ஈனும்போது ஆப்பை அமுக்கினேன், டாக்டர் வரவில்லை, கன்று செத்துப் பிறந்தது. இவ்வளவுதான். விசாரிக்கும் வேலை எனக்கு. பதினான்கு திரைகளின் பதிவுகளையும் எடுத்துப் பார்த்தேன். வேண்டுகோள் பதிவாகியிருக்கிறது. குறுஞ்செய்தி போய்ச் சேர்ந்திருக்கிறது. டாக்டர் மூன்று முறை கூப்பிட்டிருக்கிறார், மூன்று முறையும் மணி அடித்திருக்கிறது. யாரும் எடுக்காததால் விதிப்படி வேண்டுகோள் மூடப்பட்டிருக்கிறது. அத்தனையும் பச்சை. நான் உட்கார்ந்து நல்ல தமிழில் ஒரு பதில் எழுதினேன். "தங்கள் வேண்டுகோள் பெறப்பட்டு உரிய முறையில் முடிக்கப்பட்டது. எங்கள் பக்கம் குறை ஏதும் இல்லை."

மூன்றாம் நாள் அவரே ஆபீசுக்கு வந்துவிட்டார். இரண்டு பஸ் மாறி, தோளில் துணிப்பை, கையில் போன். வரவேற்பில் நிறுத்தியும் நிற்காமல் என் அறை வாசலுக்கே வந்தார்.

"இதை எழுதுனது யாருங்க?"

பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி கையைத் தூக்கினேன்.

"நல்லா எழுதியிருக்கீங்க. எதை முடிச்சீங்கன்னுதான் போடல."

அப்புறம் சுவரில் இருந்த திரைகளை ஒரு சுற்றுப் பார்த்தார். "இத்தனை இருக்குதுங்களே, இதுல எங்கூட்டுக் கட்டுத்தரை எதுங்க?"

ஐந்து பேர் இருந்தோம். ஆளுக்கொரு திரையைத் தேடினோம். சத்தம் கேட்டு வந்த ரங்கநாயகி மேடம், சரஸ்வதியைத் தன் நாற்காலியில் உட்கார வைத்து, காபி வரவழைத்தார். அவர் பாதி குடிக்கும் வரை எதுவும் கேட்கவில்லை. பிறகு வெள்ளைப் பலகையை முழுக்க அழித்துவிட்டு, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை ஒரே ஒரு கோடு போட்டார்.

"நீங்க சொல்லுங்க அம்மணி. அன்னைக்கு மொதல்ல என்ன ஆச்சு?"

"பசு முக்கீட்டு நின்னுச்சுங்க. போனை எடுத்து அமுக்குனேன்."

மேடம் கோட்டின் தொடக்கத்தில் ஒரு புள்ளி வைத்தார். "அப்புறம்ங்க?"

"பதிவாயிருச்சுன்னு எழுத்து வந்துச்சு."

"அப்புறம்ங்க?"

"டாக்டரு வருவாருன்னு தண்ணி காய வெச்சனுங்க."

"அப்புறம்?"

"ரோட்டுக்கும் கட்டுத்தரைக்கும் நடந்துட்டே இருந்தனுங்க. வண்டிச் சத்தம் கேக்கும்போதெல்லாம் ஓடிப் போய் எட்டிப் பாப்பேன்."

"அப்புறம்ங்க?"

"அவ்வளவுதானுங்க" என்றார். கோட்டில் பாதிக்கு மேல் வெறுமையாகக் கிடந்தது.

மேடம் என் பக்கம் திரும்பினார். "அண்ணா, அவங்க நடந்துட்டு இருந்தப்ப நம்ம பக்கம் என்னங்க நடந்துச்சுங்க?" இரண்டு 'ங்க'. எழுந்து போய்க் கோட்டுக்குக் கீழே எழுதினேன். மூன்று முறை மணி அடித்தது, வேண்டுகோள் மூடப்பட்டது.

"எங்க அடிச்சுதுங்க? என்ற போன் என் கையிலயேதான் இருந்துச்சு" என்றார் சரஸ்வதி.

எண்ணைப் பார்த்தோம். அது அவர் வீட்டுக்காரர் வேலுச்சாமியின் எண். பால் ஊற்றும் அட்டை அவர் பெயரில் இருக்கிறது. எங்கள் ஆட்கள் ஊர் ஊராகப் போய்ப் பதிவு செய்தபோது அட்டையில் இருந்த எண்ணையே எழுதிவிட்டு வந்திருக்கிறார்கள். வேலுச்சாமிக்குக் கருமத்தம்பட்டியில் தறி ஓட்டும் வேலை.

மறுநாள் நானே அந்தத் தறிக்குடோனுக்குப் போனேன். வேலுச்சாமியின் போனை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு, திவ்யாவை ஆபீசிலிருந்து கூப்பிடச் சொன்னேன். இருபது தறிகள் ஓடுகின்றன. நின்றேன், நின்றேன், ஒன்றும் வரவில்லை. போனைத் திருப்பிப் பார்த்தால் தவறிய அழைப்பு இரண்டு. காது கேட்காதது ஒரு பக்கம் இருக்கட்டும், கைக்குள்ளே போன் அதிர்ந்ததுகூடத் தெரியவில்லை. தரையே அதிர்கிறது, அதில் ஒரு போன் எம்மாத்திரம்? வேலுச்சாமி என் காதருகே வந்து கத்தினார். "அன்னைக்கும் இப்படித்தானுங்க! டீக்கு வெளிய வந்துதான் பாத்தேன்! திருப்பிக் கூப்புட்டா, 'உங்கள் வேண்டுகோள் முடிக்கப்பட்டது'ன்னு ஒரு பொம்பளக் குரலு சொல்லுச்சு!"

எங்கள் பக்கம் மாட்டைக் கவனிப்பது பெண்கள். ஆண்கள் பாதிப் பேர் தறியிலோ பனியன் கம்பெனியிலோ இருப்பார்கள். இது கோயமுத்தூரில் யாருக்குத் தெரியாது? எங்கள் குழுக்களில் இருந்த எல்லோருக்கும் தெரியும். பதிவுகளைத் தோண்டினால் சரஸ்வதி மாதிரி எத்தனையோ பேர். எல்லாம் 'முடிந்தது' கணக்கில் உட்கார்ந்திருந்தன. அதிலும் கொடுமை, இப்படி எடுக்காமல் போன அழைப்புகள் நாலு நிமிடத்தில் மூடப்பட்டதால், சராசரி முடிக்கும் நேரம் குறைந்து எங்கள் வரைபடம் அழகாக இறங்கியிருந்தது. அதற்காக அந்த வருடம் எங்களுக்குக் கேக் வரவழைத்தார்கள். கத்தியைப் பிடித்து வெட்டியவன் நான்.

அழைப்பை எந்த போனில் அமுக்கினார்களோ அதற்கே திருப்புவது இரண்டு நாள் வேலை. அத்தோடு விட்டிருக்கலாம். மேடம் விடவில்லை. "இந்தம்மா பஸ் ஏறி வந்ததால இது தெரிஞ்சுது. வராதவங்களுக்கு என்ன ஆச்சுங்க?" என்றார். வெள்ளைப் பலகையில் அந்தக் கோட்டை அழிக்கக் கூடாது என்று ஓரத்தில் எழுதி வைத்தார். அதையே திரையாக்குவது என்று முடிவாயிற்று.

செய்தது இதுதான். மாட்டுக்காரர் போகும் வழியை ஆறு நிறுத்தமாகப் பிரித்தோம். அமுக்கியது, பதிவானது, டாக்டருக்குப் போனது, டாக்டர் பேசியது, டாக்டர் கிளம்பியது, கட்டுத்தரைக்கு வந்தது. வந்துவிட்டார் என்பதை டாக்டர் சொன்னால் போதாது, அமுக்கியவர் சொல்ல வேண்டும். 'மூடப்பட்டது' என்ற சொல்லையே எடுத்துவிட்டோம். பதினான்கு சர்வர்களையும் தூக்கி எறியவில்லை. எந்தச் சர்வர் எந்த நிறுத்தத்துக்கு வேலை செய்கிறதோ, அந்த நிறுத்தத்துக்குக் கீழே கொண்டுபோய் வைத்தோம். இயந்திரம் நின்றால் அலாரம் என்பது போய், ஒரு நிறுத்தத்துக்கு வந்த ஆள் வழக்கமான நேரத்துக்குள் அடுத்த நிறுத்தத்துக்குப் போகவில்லை என்றால் அலாரம் என்று மாற்றினோம். எந்த இயந்திரம் காரணம் என்று அப்புறம் கீழே தேடிக்கொள்ளலாம்.

'வழக்கமான நேரம்' என்பதைக் கண்டுபிடிப்பதற்குள் தாவு தீர்ந்தது. காலையில் பால் கறக்கும்போதுதான் மாட்டுக்கு என்ன குறை என்று தெரியும், அதனால் ஏழு மணிக்குக் கூட்டம் அலைமோதும். மத்தியானம் ஈ ஓட்டுவோம். இரண்டுக்கும் ஒரே அளவுகோல் வைத்தால் காலையெல்லாம் அலாரம் அலறும். வாரத்தின் ஒவ்வொரு நாளுக்கும் ஒவ்வொரு மணிக்கும் தனித்தனியாக அளவு வைத்தோம். யாருமே அமுக்கவில்லை என்றாலும் அலாரம் அடிக்கும்படி திவ்யா ஒன்று சேர்த்தாள், ஆப்பே திறக்காமல் போயிருக்கலாம் அல்லவா? மாட்டுப் பொங்கல் அன்று அது அடித்துத் தீர்த்துவிட்டது. சர்வரை எல்லாம் குடைந்து பார்த்துவிட்டு மேடத்துக்குப் போன் செய்தால், "அண்ணா, இன்னைக்கு அதுகளுக்குப் பொங்கலுங்க. கொம்புக்குப் பெயிண்ட் அடிச்சிட்டு இருப்பாங்க, யாரு போனைத் தொடுவா?" என்று சிரித்தார்.

திரை ஓடத் தொடங்கிய முதல் நாள் ஆபீசே கலங்கிவிட்டது. நாலாவது நிறுத்தம், டாக்டர் பேசுகிற இடம், செக்கச் சிவப்பு; டாக்டர் வேறு மாட்டோடு இருந்து கூப்பிடாமல் விட்டவர்கள் எல்லாம் அங்கே நின்றார்கள். "நேத்து வரைக்கும் நல்லா இருந்துச்சேண்ணா, எதுக்கு இந்த வேண்டாத வேலை?" என்று கேட்ட போன் இணைப்புக் குழுத் தலைவர் என்னிடம் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. மேடம் அவரைக் குறை சொல்லவில்லை. காலைக் கூட்டத்தில் ஒரு சின்ன மாற்றம் மட்டும் செய்தார். "உங்க பக்கம் எப்படின்னு கேக்கலீங்க. உங்க நிறுத்தத்துல இப்ப எத்தனை பேரு நிக்கறாங்க, அதை மட்டும் சொல்லுங்க." ஒரு மாதத்தில் பேச்சே மாறிவிட்டது. "என்ற எடத்துல மூணு பேரு நிக்கறாங்க, ஒருத்தரு கணுவாய், ஒருத்தரு சூலூரு" என்று சொல்ல ஆரம்பித்தார்கள். அடுத்தவரைக் கை காட்டத் தேவை இல்லை. நிற்கிற ஆளைத்தான் சொல்கிறோம், அதற்கு வாய் கூசவில்லை. என்னோடு பேசாமல் இருந்த அந்தத் தலைவர்தான் ஒரு நாள், "அண்ணா, சூலூர்க்காரருக்கு மாடு தேவலையாயிருச்சாம்" என்று டீயோடு வந்து நின்றார். அதையும் நோட்டில் எழுதியிருக்கிறேன்.

எல்லா ஊருக்கும் திறந்துவிடும் முன்னால் கோட்டின் கடைசிப் புள்ளியில் யாராவது போய் நின்று பார்க்க வேண்டும் என்றார் மேடம். யார் என்று நான் கேட்கவில்லை. பதில் எழுதியவன் நான்தானே. சரஸ்வதியின் பசு மறுபடி நிறைமாதமாக இருப்பது தெரியும். கூப்பிட்டேன். "வந்து பாருங்க, யாரு வேண்டாங்கறா. ஆனா இன்னொருக்கா ஏமாறுற அளவுக்கு எங்கிட்ட மாடு இல்லீங்க" என்றார். இருந்தது அந்த ஒன்றுதான். சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், அன்றைக்கு அந்தப் பசு ஈன்ற கிடாரிக் கன்று வளர்ந்து இப்போது சினையாக இருக்கிறது. வேலுச்சாமி போன மாதம் படம் அனுப்பியிருந்தார்.

தண்ணீர்த் தொட்டிக்கு வருகிறேன்.

சரஸ்வதி அமுக்கினார். என் மடிக்கணினியில் முதல் நிறுத்தம், இரண்டாவது, மூன்றாவது எல்லாம் ஒரே மூச்சில் தாண்டியது. நாலாவதில் நின்றது. டாக்டர் பேச வேண்டும், பேசவில்லை. ஒரு நிமிடம். வாசலில் குட்டியானை தடதடவென்று புகை விட்டுக்கொண்டிருக்கிறது. இரண்டு நிமிடம். பசு கீழே படுத்துவிட்டது. "என்னாச்சுங்ண்ணா?" என்றார் சரஸ்வதி. அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. மணி வண்டியில் ஏறி உட்கார்ந்து கியரில் கை வைத்தார்.

திவ்யாவைக் கூப்பிட போனை எடுத்தேன். அதற்குள் திரையில் ஒரு வரி வந்தது. 'அன்னூர் – ஒருவர் நிற்கிறார் – அடுத்த மருத்துவருக்கு மாற்றப்பட்டது.' முதல் டாக்டர் வேறொரு மாட்டுக்குள் கையை விட்டுக்கொண்டிருந்திருக்கிறார், போனை எப்படி எடுப்பார்? எங்கள் அவிநாசி சாலை ஆபீசில் என்னைக் கேட்காமலே, யாரும் புகார் சொல்லாமலே, நிற்கிற ஆளைப் பார்த்து ஒருவர் கை கொடுத்துவிட்டார்.

சரஸ்வதியின் கையில் இருந்த போன் அடித்தது. அவருடைய சொந்த போன்.

அவர் அதை ஒரு கணம் பார்த்தார். பிறகு ஸ்பீக்கரில் போட்டார். ஒரு பெண் டாக்டர் குரல். "அம்மணி, காலு தெரியுதுங்களா, மூக்கு தெரியுதுங்களா?"

"ஒத்தக் காலுதானுங்க தெரியுது. மூக்கு லேசாத் தெரியுது."

"இன்னொரு காலு உள்ள மடிஞ்சிருக்கும். யாரும் இழுத்துப்போடாதீங்க. கைய நல்லா சோப்பு போட்டுக் கழுவி, வெதுவெதுன்னு தண்ணி வெச்சிருங்க. நான் இந்தப் பக்கமாத்தான் வந்துட்டிருந்தேன், கருமத்தம்பட்டி தாண்டிட்டேன், வண்டியிலதான் வாரேன். போனைக் கையிலயே வெச்சிருங்க கண்ணு, மறுபடி கூப்புடுவேன்."

"சரிங்க" என்றார். போனை முந்தானையில் துடைத்தார். கட்டுத்தரையை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு நேராக வாசலுக்கு நடந்தார். "என்னம்மா, கிளம்பட்டா?" என்று கேட்ட மணிக்குக் குறுக்கே ஜன்னல் வழியாகக் கையை விட்டு, சாவியைத் திருகி, வண்டியை அணைத்தார்.